நாலாம் நாள்

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க சாமி. அப்புறம் எப்படிங்க அந்தக் கிணறு செத்துச்சு?"

நாச்சிமுத்து கேட்டது இதுதான். வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

கஞ்சிச்சாமி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அன்று சனிக்கிழமை. வரிசையில் இன்னும் எழுபது பேர் நின்றார்கள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கண்ணா," என்றார். "அடுப்படிக்குள்ள நிக்கறீங்க."

அந்த அடுப்படி என்னுடையது. என் பெயர் மயிலாத்தா. கரட்டடி மடத்தில் பதினாலு வருசமாகக் கஞ்சி காய்ச்சுகிறேன். நடந்ததைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இழுத்துச் சொல்ல எனக்கு நேரமில்லை, உலை கொதிக்கிறது.

சாமிக்கு நாற்பத்திரண்டு வயசு. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் மடத்து ஸ்டாப்பில் கஞ்சி குடிக்க இறங்கினார், பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவரும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. விசில் மட்டும் இன்னும் கழுத்தில் கிடக்கிறது. ஒரு விசில் ஊதினால் வரிசை நிற்கணும், இரண்டு ஊதினால் நகரணும். மற்றபடி உபதேசம் என்று அவர் செய்து நான் கேட்டதில்லை.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. அதனால்தான் சாமி அவரை அண்ணா என்றார்.

கஞ்சி ஊற்றி முடித்து, பானையைக் கவிழ்த்த பிறகு, சாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தக் கிணறுங்கண்ணா?"

"வெள்ளைப்பாறைல ஒரு போருங்க. அஞ்சு வருசம் ஆச்சு. நான்தான் அளந்தேன்."

"அளக்கறதுன்னா?"

"போர் போடறவன் தண்ணி பீச்சி அடிச்சதும் ரெண்டு இஞ்ச், மூணு இஞ்ச்னு சொல்லிட்டு வண்டியக் கிளப்பிட்டுப் போயிருவானுங்க. அது பேச்சு. நெசமாத் தாங்குமான்னு பாக்கோணும். மோட்டார உள்ள எறக்கி, விடாம இறைக்கோணும். தண்ணி எறங்கும். எறங்கி எறங்கி ஓரிடத்துல நிக்கும். அதுக்கு மேல எவ்வளவு இறைச்சாலும் எறங்காது. அந்த எடம்தாங்க அந்தக் கிணத்தோட நெசம்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா அது கிணறில்லைங்க. குழிக்குள்ள தேங்கின தண்ணி."

தொழிலைப் பற்றிப் பேசும்போது ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருசம் அதுதான் சோறு.

"வெள்ளைப்பாறைல நின்னுச்சுங்களா?"

"நின்னுச்சுங்க சாமி. கல்லுல வெட்டி வெச்ச மாதிரி நின்னுச்சு."

பிறகு முழுவதையும் சொன்னார்.

ஓர் ஏரிக்கரையில் முப்பது குடும்பம் குடிசை போட்டிருந்தார்களாம். ஏரியை ஆழப்படுத்துகிறோம், எழுந்திருங்கள் என்று சர்க்காரில் சொல்லிவிட்டார்கள். மாற்று இடம் வெள்ளைப்பாறை. வீடு கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். அங்கே ஒரு போர் போட்டிருந்தது.

எல்லோரும் தலையாட்டினார்கள். பாவாயி என்று ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை.

"தண்ணி இருக்குன்னு கடுதாசில எழுதிக் காட்டுனா நாங்க நம்ப மாட்டம்," என்றாளாம். "அளந்த மனுசன் எங்க முன்னால வந்து வாயால சொல்லட்டும். அப்பத்தான் ஏரிய விட்டு எந்திரிப்போம்."

நாச்சிமுத்து மூன்று நாள் அளந்தார். முதல் நாள் மோட்டார் இறக்கி ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் சூரியன் வந்து மறுபடி சூரியன் வரும் வரைக்கும் நிறுத்தாமல் இறைத்தார். மூன்றாம் நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, இறங்கின தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்தார். சுற்றியிருந்த கிணறுகளிலும் டேப் விட்டுப் பார்த்தார். ஒன்றிலும் தண்ணீர் இறங்கவில்லை.

"மூணாம் நாள் சாயங்காலம் பாருங்க, சுத்துத் தோட்டக்காரங்க அத்தனை பேரும் வேப்பமரத்தடில வந்து கூடிட்டாங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு கேக்க வந்திருக்காங்க. எனக்குப் பெருமையாப் போச்சு. பாவாயியும் வந்திருந்தா. நம்பி வரலாமாண்ணான்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"நம்பி வாம்மான்னேன். முப்பது குடும்பம் என்ன, அறுபது குடும்பத்துக்குத் தாங்கும்னேன்."

அவர்கள் வந்தார்கள். குடிசையில் எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி என்ன இருக்கும்? கதவை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்களாம், முப்பது கதவு.

ஒன்பது மாசத்தில் கிணறு காற்று இழுத்தது. பதினோராம் மாசம் அதுவும் இல்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கலைந்தது.

"போன தை மாசம் செங்கல் சூளைக்கு ஆள் ஏத்திட்டுப் போற வேன்ல பாவாயியப் பாத்தனுங்க. மண்ண வாரித் தூத்துவான்னு நெனச்சேன். அவ என்ன கேட்டாத் தெரியுங்களா? 'ஏனுங்கண்ணா இப்பிடி எளைச்சுட்டீங்க'ன்னு கேட்டா. வேன் போயிருச்சு."

தரையில் விரலால் ஏதோ நம்பர் எழுதி அழித்தார்.

"அன்னைக்கோட டேப்பக் கீழ வெச்சவனுங்க. அளந்த ஒவ்வொரு நம்பரையும் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். ஒண்ணுலயும் தப்பில்ல. எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க சாமி. அது தெரியாம எனக்குச் சோறு எறங்கலை."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சாமி ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று பார்த்தேன்.

சாமி கேட்டார்: "அந்த மூணு நாளும் என்ன சத்தம் கேட்டுதுங்கண்ணா?"

"சத்தமா?"

"ஆமா."

"என்னோட ஜெனரேட்டர் சத்தம். தண்ணி விழுகற சத்தம்."

"மூணாம் நாள் ஜெனரேட்டர் ஓடலைல்ல. அப்ப?"

நாச்சிமுத்து யோசித்தார். "அப்ப ஒண்ணுமில்லைங்க. அத்தனை அமைதி. எங்கயோ தூரத்துல மயில் அகவிட்டிருந்துச்சு. அதுகூடத் தெளிவாக் கேட்டுது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க சாமி."

"சரி. கஞ்சி குடிங்க," என்று சொல்லிவிட்டுச் சாமி எழுந்து போய்விட்டார்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்கிறார்? எனக்கு மட்டும் என்ன தெரியும்? வட்டலில் கஞ்சியை ஊற்றினேன்.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை, மடத்திலேயே தங்கிவிட்டார். விறகு பிளக்கிறேன் என்றார். அவர் பிளந்த விறகைப் பார்த்தால் ஆடு மென்றது மாதிரி இருக்கும். ஆனால் விடிந்தால் கோடாரியை எடுத்துவிடுவார், அதைக் குறை சொல்லக் கூடாது.

மாசத்துக்கு ஒரு தடவை சாமியிடம் போய் நிற்பார்.

"எங்க தப்புங்க சாமி?"

"என்ன சத்தம் கேட்டுதுங்கண்ணா?"

"மயிலுங்க."

"சரிங்கண்ணா."

அவ்வளவுதான். ஒரு நாள் கோடாரியை எறிந்துவிட்டு என்னிடம் வந்து, "இவரு சாமியா, இல்ல கிறுக்கா?" என்று கேட்டார்.

"அவரு இங்க வந்த பதினோரு வருசமா நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்," என்றேன்.

பங்குனியில் மடத்துக் கிணறு அடிமண் காட்டியது. சனிக்கிழமை இருநூறு பேருக்குக் கஞ்சி வேண்டும், தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? மடத்துக்குப் பின்னால் ஒரு போர் போட்டோம். அறுநூறு அடியில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எல்லார் மேலும் சேறு. நான்கூடச் சிரித்தேன்.

சாமி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "அளந்து சொல்லுங்கண்ணா. எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சலாம்னு தெரியோணும்."

"நான் தொடறதில்லைங்க சாமி. தெரியுமில்ல?"

"தெரியும். அளந்து சொல்லுங்க."

நாச்சிமுத்து வெகுநேரம் நின்றார். அப்புறம் ஊருக்குப் போய்த் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குள் மடத்தைச் சுற்றியிருந்த ஆறு தோட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. குழாய்க்குப் பொட்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது புதுத்தண்ணி கண் முழித்தால், சுற்றியிருக்கிற தோட்டத்தில் மூன்று நாளைக்கு யாரும் தண்ணீர் இறைக்க மாட்டார்கள். பயிர் வாடினாலும் சரி. பச்சைப்பிள்ளை தூங்குகிற வீட்டில் உரல் இடிப்பார்களா என்பார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, சொல்வதில்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

நாச்சிமுத்துவும் பொட்டு வைத்தார். கும்பிட்டார். வேலையை ஆரம்பித்தார்.

வேலை செய்யும்போது அவர் வேறு ஆள். மோட்டார் இறக்கினார். ஜெனரேட்டரை முடுக்கினார். குழாய் வாயில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, கையில் கடிகாரத்தோடு நின்றார். ஐம்பத்தைந்து நொடியில் டிரம் நிறைந்தது. பிறகு டேப்பைப் போருக்குள் விட்டார். அதன் நுனி தண்ணீரைத் தொட்டதும் அவர் கையிலிருந்த பெட்டி கீ என்று கத்தியது. அடியை எழுதினார். கால்மணிக்கு ஒரு தடவை டிரம், கால்மணிக்கு ஒரு தடவை டேப். நான் கொண்டுபோன காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

தண்ணீர் இறங்கியது. எண்பது அடி, நூறு, நூற்றிருபது. நூற்றி அறுபதில் வந்து நின்றது. மறுநாள் காலையிலும் அதே நூற்றி அறுபது. டிரம் அதே ஐம்பத்தைந்து நொடி.

முகத்தில் பழைய களை வந்துவிட்டது அவருக்கு.

"சாமி, நின்னுடுச்சுங்க," என்று கூப்பிட்டார். "இருநூறு பேர் என்னங்க, ஐநூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சலாம்."

சாமி வேலியோரமாக நடந்து போனார். கழுத்து விசிலை எடுத்தார். இரண்டு தடவை ஊதினார்.

முந்தின நாள் மத்தியானமே ஆறு தோட்டத்துக்கும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார் மனுசன். எனக்குக்கூடத் தெரியாது.

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டக்காரன் கருப்பணன் நின்றுகொண்டிருந்தான். "மூணு நாள் ஆகலைங்களே சாமி. பாவமுங்க."

"பாவம் எனக்கு வரட்டும். போடு கருப்பணா."

முதலில் கருப்பணன் தோட்டத்துக் கம்ப்ரசர் டப டப என்று பிடித்தது. அப்புறம் தெற்கே ஒன்று, அதற்கப்புறம் ஒன்று. எங்கள் பக்கம் எல்லாப் போரிலும் கம்ப்ரசர்தான், காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிற வகை. அது ஓடினால் பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுவதற்குக்கூடக் கத்தணும். ஆறும் ஓடின.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க சாமி இது? அளந்துட்டிருக்கறப்ப—"

"அளங்கண்ணா," என்றார் சாமி, "தினமும் ஓடறதுதானே?"

அவர் டேப்பை விட்டார். பெட்டி கத்தவில்லை. இன்னும் விட்டார். நூற்றி எழுபதில் கத்தியது. கால்மணி கழித்து நூற்றித் தொண்ணூறு. பிறகு இருநூற்றிருபது. டிரம் நிறைய ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம், இரண்டு. வெயில் உச்சிக்கு வந்தபோது குழாயில் தண்ணீரும் காற்றும் மாறி மாறி வந்தன, இருமல்காரன் பேசுகிற மாதிரி.

நாச்சிமுத்து ஜெனரேட்டரை நிறுத்தினார். சேற்றிலேயே உட்கார்ந்தார்.

சுற்றியும் ஆறு கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். தென்னையில் காக்கா வாயைத் திறந்தது தெரிந்தது, கத்தினது கேட்கவில்லை.

"மயிலு," என்றார் நாச்சிமுத்து.

சாமி குனிந்து காதைக் கொடுத்தார்.

"வெள்ளைப்பாறைல மயில் சத்தம் எப்படிங்க சாமி கேக்கும்? சுத்தியும் பதினோரு கம்ப்ரசரு."

சாமி ஒரு விசில் ஊதினார். ஒவ்வொன்றாக ஆறும் நின்றன.

நாச்சிமுத்து அழுதார். வயசான ஆம்பிளை அழுவதை நின்று பார்க்க எனக்குப் பிடிக்காது. அடுப்பைப் பார்ப்பது போல உள்ளே போனேன். ஆனால் அவர் பேசியது கேட்டது.

"எனக்குத் தெரிஞ்ச வழக்கம்தானுங்க. சின்ன வயசுல எங்க தோட்டத்துல நானே நிறுத்திருக்கேன். நேத்துப் பொட்டு வெச்சுக் கும்பிட்டப்பக்கூட உறைக்கலையே. வெளியூர்க்காரன் அளந்திருந்தா, ஏன் யாரும் மோட்டார் போடலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பான். எனக்குக் கேக்கவே தோணலை. புதுத்தண்ணி வந்தா ஊர் அமைதியாத்தான் இருக்கும்னு நானும் அமைதியா இருந்துட்டேன்."

சாமி டிரம்மைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"நான் அளந்தது கிணத்த இல்லைங்க சாமி."

அன்று முழுக்க நாச்சிமுத்து விறகைத் தொடவில்லை. சாயங்காலம் சாமியிடம் வந்தபோது கண் காய்ந்திருந்தது. முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

"மடத்துப் போர் எண்பது பேருக்குத் தாங்கும். அதுக்கு மேல வேண்டாம்," என்றார்.

"சரிங்கண்ணா."

"இன்னொண்ணு. எனக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு. தப்பு என்மேல இல்லைங்க சாமி. அந்தப் பதினோரு பேரும் மூணு நாள் நல்லவனா நின்னானுங்க. நாலாம் நாள் விடிஞ்சதும் போட்டுட்டானுங்க. முப்பது குடும்பம் குடி வருதுன்னு தெரிஞ்சே போட்டுட்டானுங்க. ஒருத்தன் நெனச்சுப் பாத்தானா? ஒருத்தனுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்துச்சா?"

சாமி கேட்டார்: "நாலாம் நாள் நீங்க எங்கண்ணா இருந்தீங்க?"

"நானா? நான் மூணாம் நாள் சாயங்காலமே சாமான ஏத்திட்டுக் கிளம்பிட்டனே."

"அப்பப் போய்ப் பாத்துட்டு வாங்க."

"எங்கீங்க?"

"வெள்ளைப்பாறைக்கு."

"அஞ்சு வருசம் ஆச்சு. அங்க என்னங்க இருக்குது?"

"நாலாம் நாள் இருக்குது," என்றார் சாமி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மயிலாத்தா, நீயும் கூடப் போ. இவரு தனியாப் போக வேண்டாம்."

"நாளைக்குச் சனிக்கிழமை. கஞ்சிய யாரு காய்ச்சறது?"

"நான் காய்ச்சறேன்."

"உங்களுக்குக் காய்ச்சத் தெரியாது சாமி."

"ஒரு நாள் அதையும் குடிக்கட்டும்."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாச்சிமுத்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவனை இப்படிக் கேட்பேன், இவனை அப்படிக் கேட்பேன் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் வந்தாலாவது சாப்பிடுவார் என்று ஒரு நினைப்பும் இருந்தது.

வெள்ளைப்பாறை ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் இறங்கினோம்.

முப்பது வீடு வரிசையாக நின்றது. ஒன்றிலும் கதவில்லை. வந்தபோது கொண்டுவந்த கதவைப் போகும்போதும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாசல் வாசலாக உள்ளே ஆடு படுத்திருந்தது தெரிந்தது.

கடைசி வீட்டில் மட்டும் கதவு இருந்தது. நீலப் பெயிண்ட் உரிந்த கதவு.

"பாவாயின்னு எழுதியிருக்குது. அவ வீடுதான்," என்றார் நாச்சிமுத்து.

மற்றவர்கள் கதவை ஆணியில் மாட்டியிருந்தார்கள். இவள் நிலைச்சட்டத்தோடு சேர்த்துச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தாள். பெயர்த்தால் கதவு உடையும். திரும்பப் போகிற எண்ணமே இல்லாதவள்தான் அப்படிப் பூசுவாள்.

நாச்சிமுத்து கையை வைத்துத் தடவினார். அதுவரைக்கும் வந்த பேச்சு அங்கே நின்றது.

அடுத்த தோட்டத்தில் ஒருவர் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்ப்ரசர் மேல் சாக்கு மூடிக் கிடந்தது.

"அத்தப்பன்," என்றார் நாச்சிமுத்து என்னிடம். "அன்னைக்கு எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவரு."

அத்தப்பன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "அட, தண்ணி அளக்கறவரு. வாங்க, வாங்க. அக்காவும் வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். நாச்சிமுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கோணும்," என்றார். "நான் அளந்த மூணு நாளும் நீங்க யாரும் மோட்டார் போடலைல்ல?"

"எப்படிப் போடறதுங்க? புதுத்தண்ணியாச்சே."

"நாலாம் நாள்?"

"போட்டோம்."

"பதினோரு பேரும்?"

"பதினோரு பேருந்தான்."

"முப்பது குடும்பம் அதை நம்பி வருதுன்னு தெரியாதுங்களா?" நாச்சிமுத்துவின் குரல் ஏறியது. "பச்சப்புள்ளைங்களோட வராங்கன்னு தெரியாதா? மூணு நாளைக்கு இருந்த மனசு நாலாம் நாள் எங்கீங்க போச்சு?"

அத்தப்பன் கோபிக்கவில்லை. மாட்டைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார்.

"அத நெனைக்காம இல்லைங்க," என்றார். "மூணாம் நாள் சாயங்காலம் இதே மரத்தடிலதான் நாங்க கூடுனோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்க வந்தீங்களே."

"கூடி நின்னீங்க. நான் என்ன சொல்றேன்னு கேக்கறதுக்கு."

"இல்லைங்க. அது எங்க கூட்டம். நாளையில இருந்து எல்லாரும் ஒண்ணாப் போட்டா அந்தச் சனங்களுக்குத் தண்ணி நிக்காது, ஆளுக்கு ஒரு நாள்னு முறை வெச்சு இறைக்கலாம்னு பேசுனோம். எங்கப்பாதான் பேச்செடுத்தாரு. ஒருத்தரு ரெண்டு பேரு மொணகுனாங்க. ஆனா ஒத்துக்கிட்டாங்க. சூடம் ஏத்திச் சத்தியம் பண்றதுக்குத் தட்டு எடுத்துட்டு வர ஆள் போயிருந்துச்சு."

நாச்சிமுத்து கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அவர் பார்க்கவில்லை.

"அப்பத்தானுங்க நீங்க வந்தீங்க," என்றார் அத்தப்பன். "இந்தத் தண்ணி முப்பது குடும்பம் என்ன, அறுபது குடும்பத்துக்குத் தாங்கும்னு சொன்னீங்க. அளந்தவரே சொல்லிட்டாரு, அப்புறம் முறை எதுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டோம்."